இடது கையின் அளவு

எர்லாங்கன்,
7 டிசம்பர் 1902

செல்ல மகள் ஹெட்விக்குக்கு அப்பா எழுதுவது.

இங்கே இருவரும் சௌக்கியம். எனக்கு முட்டியால் வலி, உன் அம்மாவுக்கு என்னால் வலி, இரண்டும் பழகிவிட்டன. பெர்லினில் குளிர் எப்படி, உடம்பு எப்படி, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று மூன்று கேள்வி கேட்கச் சொன்னாள். மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டுமாம்.

இந்தப் பொட்டலத்தில் உன் குளிர்காலக் கையுறை இருக்கிறது. நீ அனுப்பிய கைப்படம் அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஐந்து வயதிலிருந்து வருடா வருடம் காகிதத்தில் கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைகிறாய். இருபத்திரண்டு வருடப் படமும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. வழக்கம்போல இடது கைப்படம் வழவழவென்று, வலது கைப்படம் கோழி கிளறியது போல. இடது கையில் பென்சிலைப் பிடித்து வலதை வரைந்தால் வேறு எப்படி வரும். அம்மா பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் பெரிய விஞ்ஞானி, ஒரு கோடு நேரா வரையத் தெரியல" என்றாள். பெருமை வந்தால் அவள் அப்படித்தான் பேசுவாள்.

இடது சுண்டுவிரலை எப்போதும்போல வளைத்தே வெட்டியிருக்கிறேன். உன் ஏழு வயதில் பார்க்காமல் கடைக் கதவைச் சாத்தி அந்த விரலை நசுக்கிய புத்திசாலி நான். அதற்கு அபராதமாக அந்த ஒரு விரலுக்கு ஏழு தையல் கூடுதல்.

போன வருடம் நீ அனுப்பிய எலும்புப் படத்தைக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். உன் இடது கை, மோதிரத்தோடு. கையுறை வாங்க வந்த பாதிரியார் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், பொண்ணு எப்போ போச்சு?" என்று கேட்டாள். "பெர்லின்ல நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருக்கா" என்றேன். நம்பாமல் போனாள். முப்பது வருடமாகக் கைக்கு உறை தைக்கிறேன். கைக்குள்ளே என்ன இருக்கிறது என்று உன் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கதிர்க் குழாயைச் சோதிக்கக் கையைக் குறுக்கே நீட்டுவோம் என்று ஐந்து வருடம் முன்பு, அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில் சொன்னாயே, அப்போது நான் சொன்னதை மறந்துவிடாதே. இடதை நீட்டு. வலது எழுத வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு வருவாய் அல்லவா? கெண்டை மீனுக்குச் சொல்லிவைத்துவிட்டேன்.

கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்,
அப்பா


பெர்லின்,
11 ஜனவரி 1903

அன்புள்ள அப்பா, அம்மா இருவருக்கும் வணக்கம்.

அம்மாவின் கேள்விகளுக்குப் பதில். குளிர்: பரவாயில்லை. உடம்பு: பரவாயில்லை. சாப்பாடு: வீட்டுக்கார லெம்கே அம்மா என் தட்டு காலியாகும்வரை எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

கிறிஸ்துமஸுக்கு வராததற்கு மன்னியுங்கள். இருநூறு மணி நேரப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, விட்டுவர முடியவில்லை. மயிரிழைப் பிளவு ஒன்றின் வழியாகக் கதிரைச் செலுத்துகிறேன். அந்தப் பக்கம் புகைப்படத் தகட்டில் விழும் கோடு பிளவைவிடக் கொஞ்சம் அகன்று விழுந்தால், கதிர் ஒளியைப் போல ஓர் அலை. அகலாவிட்டால் வேறு ஏதோ. உலகத்தில் யாருக்கும் இன்னும் உறுதியாகத் தெரியாது அப்பா. அதை முதலில் தெரிந்துகொள்ளும் ஆள் நானாக இருக்க ஆசை.

அத்தனை மணி நேரமும் குழாய் ஒரே சீராக எரிய வேண்டும். அதற்குக் காலையில் ஒரு குணம், மாலையில் ஒரு குணம். அதனால் கால் மணிக்கு ஒருமுறை கையை நீட்டி ஒளிரும் திரையில் பார்ப்போம். எலும்பு கறுப்பு, சதை சாம்பல் என்றால் சரி. எலும்பும் வெளிறினால் குழாயை மாற்ற வேண்டும். எல்லா ஆய்வுக்கூடத்திலும் இதுதான் வழக்கம். பேராசிரியர் குறிப்பேட்டில் "டூர்பெக் கைப்படி குழாய் சரி" என்றே எழுதுகிறார். நம் குடும்பப் பெயர் ஓர் அளவுகோல் ஆகிவிட்டது. நீட்டுவது இடதைத்தான், நீங்கள் சொன்னபடி.

கையுறை வந்தது. வலது கச்சிதம். இடது சற்று இறுக்கம்.

உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
ஹெட்விக்


எர்லாங்கன்,
1 பிப்ரவரி 1903

மகளுக்கு, அவமானப்பட்ட ஒரு கையுறைக்காரன் எழுதுவது.

நாங்கள் நலம். அதாவது உன் கடிதம் வரும்வரை நலமாக இருந்தோம்.

இறுக்கமா? நான் தைத்ததா? இந்த ஊர் நகர்மன்றத் தலைவருக்குக் கரடிப் பாதம் மாதிரி கை. அவரே இதுவரை இறுக்கம் என்று சொன்னதில்லை. நான் ஒரு நாள் பூராவும் உன் கைப்படத்தையும் என் கத்திரிக்கோலையும் மாறி மாறி முறைத்தேன். அம்மா உருளைக்கிழங்கு உரித்தபடியே, "உங்க கையுறை சரியாத்தான் இருக்கும். அவ கைதான் வீங்கியிருக்கும்" என்றாள்.

அதை நான் யோசிக்கவில்லை. உன் அம்மா சில நேரம் இப்படி ஒரே வாக்கியத்தில் என் முப்பது வருடத் தொழிலைக் காப்பாற்றிவிட்டு, தூக்கத்தைக் கெடுத்துவிடுகிறாள்.

கை வீங்கியிருக்கிறதா ஹெட்விக்? அலை, பிளவு எல்லாம் அப்புறம். இதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. வாத்துக் கொழுப்பில் அம்மா காய்ச்சிய களிம்பு அனுப்பியிருக்கிறேன். நாற்றம் பொறுக்க முடியாது, அதனால் நல்ல மருந்தாகத்தான் இருக்கும்.

பதிலுக்குத் தபால்காரரைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கும்,
அப்பா


பெர்லின்,
17 மே 1903

அன்புள்ள அப்பா, அம்மா,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். மூன்று மாதமாக எழுதாததற்கு என்னைத் திட்டியிருப்பீர்கள், திட்டியதெல்லாம் நியாயம். மார்ச்சில் சளி பிடித்துப் படுத்துவிட்டேன், ஐந்து வாரம் போய்விட்டது.

அப்பா, கோடு அகன்றிருக்கிறது.

மிகக் கொஞ்சம். நுண்ணோக்கியில் வைத்து நாற்பது தடவை அளந்தேன். பேராசிரியர் அளந்தார். என்னை நம்பாத ஒருவரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னோம், அவரும் அதே எண்ணைச் சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார். அலையேதான் என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குட்டையான அலை. செப்டம்பர் மாநாட்டில் என்னையே வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மேடையில் இயற்பியல் பேச இதுவரை ஒரு பெண்ணும் ஏறியதில்லையாம்.

களிம்புக்கு அம்மாவிடம் நன்றி சொல்லுங்கள். லெம்கே அம்மா அதை ஜன்னலுக்கு வெளியே வைத்திருக்கிறார்.

அன்புடன்,
ஹெட்விக்


எர்லாங்கன்,
4 ஜூன் 1903

அலையைப் பிடித்த மகளுக்கு அப்பா எழுதுவது.

எனக்கு முட்டி வலி போய்விட்டது. உன் கடிதம் வந்த அன்று மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன். மறுநாள் வலி திரும்பி வந்தது, அது வேறு.

மலைத் திருவிழாவில் பீர்க் கூடாரத்தில் ஒருத்தரையும் விடவில்லை, எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் "அப்படின்னா என்ன?" என்று கேட்டார்கள். குவளையிலிருந்த நுரையை ஊதி, "இதோ, இதுதான் அலை. இதைவிடச் சின்னது" என்றேன். பாதி நுரை பக்கத்து மேசைத் தச்சர் மீசையில் போய் ஒட்டியது. "உம் பொண்ணுக்கு அறிவு அவங்கம்மாகிட்டேர்ந்து வந்திருக்குய்யா" என்றார். ஊரே அப்படித்தான் நினைக்கிறது.

மேடையேறும் பெண்ணுக்கு முழங்கைவரை வெள்ளைக் கையுறை வேண்டாமா. ஆட்டுக்குட்டித் தோல் ஒன்று கிடைத்திருக்கிறது. இத்தனை மெல்லிசாக என் கைக்கு வந்ததே இல்லை. அக்டோபர்வரை காத்திருக்க முடியாது, கைப்படத்தை இப்போதே வரைந்து அனுப்பு. இரண்டு கையும்.

பிப்ரவரியில் ஒரு வார்த்தைப் பதில் கேட்டிருந்தேன். நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

உன் அப்பா


பெர்லின்,
26 ஜூலை 1903

அன்புள்ள அப்பா,

இங்கு நலம், அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். வெயில் அதிகம். இரண்டு கைப்படமும் இதனுடன் இருக்கின்றன. கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு என் அன்பு.

ஹெட்விக்


எர்லாங்கன்,
2 ஆகஸ்ட் 1903

மதிப்பிற்குரிய லெம்கே அம்மையாருக்கு, கையுறைக்காரன் கொன்ராட் டூர்பெக்கின் வணக்கம். தாங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். முன்பின் அறியாதவன் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்காருகிறவர் என்பதால் உங்களை எனக்குத் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது.

நான் பதின்மூன்று வயதுவரை பள்ளிக்கூடம் போனவன். கடைசி இரண்டு வருடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தே கழிந்தது. அலை, கதிர் எதுவும் புரியாது. கை மட்டும் புரியும்.

மகள் அனுப்பிய இரண்டு படத்திலும் கோடு ஒரே சீராக இருக்கிறது. அவள் வரைந்தால் வலது கையின் கோடு நடுங்கும். வேறு யாரோ வரைந்திருக்கிறார்கள். சரி, இருக்கட்டும் என்று வெட்ட உட்கார்ந்தேன். இடது சுண்டுவிரல் நேராக இருந்தது அம்மையாரே. அந்த விரலை இருபது வருடம் முன்பு நான் உடைத்தேன். அது தானாக நேராகாது. இரண்டு காகிதத்தையும் முதுகோடு முதுகாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றின் மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. வலது கையையே ஒருமுறை கவிழ்த்தும் ஒருமுறை மல்லாத்தியும் வைத்து வரைந்திருக்கிறது.

வரைந்தது நீங்களாக இருந்தால் எனக்கு வருத்தமில்லை. அவள் கேட்டால் மறுப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் சொல்லுங்கள். இடது கையில் எத்தனை விரல் மிச்சம்? எண்ணை மட்டும் எழுதினால் போதும். மனைவிக்கு இன்னும் தெரியாது. மகளிடமும் சொல்ல வேண்டாம்.

தங்கள் தயவுக்குக் காத்திருக்கும்,
கொ. டூர்பெக்


பெர்லின்,
9 ஆகஸ்ட் 1903

திரு. டூர்பெக் அவர்களுக்கு வணக்கம்.

எண்ணை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். எழுத எண் இல்லை ஐயா. மார்ச்சில் கடைசி இரண்டு விரலை எடுத்தார்கள். ஆறவில்லை. ஜூலை ஆரம்பத்தில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். எல்லாம் அந்தக் கதிர் செய்த வேலை. ஐந்து வருடம் நீட்டிய கை அல்லவா. இப்போது ஆய்வுக்கூடத்தில் யாரோ இறந்தவரின் கை எலும்பை மெழுகில் பதித்து வைத்துச் சோதிக்கிறார்களாம். முன்பே தோன்றியிருக்கலாம் அவர்களுக்கு.

வரைந்தது நான்தான். முதலில் மாட்டேன் என்றேன். ஹெட்விக் சொன்னாள்: "எங்கப்பா கையுறைக்காரர் லெம்கேம்மா. ஒரு காலே போயிருந்தாக்கூட அவர்கிட்ட சொல்லிடுவேன். இதை எப்படிச் சொல்றது?" பென்சிலை எடுத்துவிட்டேன்.

அழ மாட்டேன் என்கிறாள். மாநாட்டுக் கட்டுரையை எழுதுகிறாள், அடிக்கிறாள், எழுதுகிறாள். காகிதம் நகராமலிருக்க ஒரு இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்துக்கொள்கிறாள். அக்குளில் கட்டி ஒன்று வந்திருக்கிறது. டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் கை கழுவினார். எனக்கு அது பிடிக்கவில்லை.

நீங்கள் கேட்டதால் உள்ளதை எழுதினேன். கடவுள் உங்களுக்குத் தெம்பு தரட்டும்.

எம்மா லெம்கே


எர்லாங்கன்,
6 செப்டம்பர் 1903

என் ஹெட்விக்குக்கு அப்பா எழுதுவது.

நான் நலம். அம்மாவும் இப்போது பரவாயில்லை. நேற்றுத்தான் சாப்பிட்டாள்.

மேடைக்கான கையுறை பொட்டலத்தில் இருக்கிறது. வலதை நீ அனுப்பிய படத்தின்படி வெட்டினேன். இடதுக்கு அந்தப் படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. இழுப்பறையிலிருந்து போன வருடப் படத்தை எடுத்துக்கொண்டேன்.

இடது கையுறை கனமாக இருக்கும். பயப்படாதே. கடையில் கையுறை மாட்டிப் பார்க்கும் மரக்கை இருக்கிறதே, அதில் உன் அளவில் ஒன்றை எடுத்து இழைத்து உள்ளே வைத்திருக்கிறேன். மரவேலையில் நான் எத்தனை கெட்டிக்காரன் என்று உனக்குத் தெரியும். கட்டைவிரலில் இரண்டு கட்டு, முழங்காலில் ஒன்று. முழங்காலில் எப்படி என்று கேட்காதே. மணிக்கட்டில் மெல்லிய தோல் வார் வைத்திருக்கிறேன், லெம்கே அம்மா கட்டிவிடுவார். உள்பக்கம் ஆட்டு ரோமம் வைத்துத் தைத்தது அம்மா. புண்ணில் உறுத்தக்கூடாது என்று தன் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள்.

சுண்டுவிரலை அறுத்து வளைத்து ஒட்டியிருக்கிறேன். அது நேராக இருந்தால் உன் கை ஆகாது.

வேறு என்ன எழுத. கதவைச் சாத்தியதும் நான்தான், இடதை நீட்டு என்றதும் நான்தான். ஒரே கையிடம் இரண்டு தடவை. உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வருமா தெரியவில்லை, அதனால் இங்கே எழுதிவிட்டேன்.

நன்றாக வாசி. மெதுவாக வாசி. நீ அவசரப்பட்டால் வார்த்தையை விழுங்குவாய்.

அப்பா


பெர்லின்,
4 அக்டோபர் 1903

அன்புள்ள அப்பா, அம்மா,

இந்த முறை நலம் என்று எழுதாமல் ஆரம்பிக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாசித்துவிட்டேன். மெதுவாகவே வாசித்தேன். வலது கையில் காகிதம், இடது கை மேசை மேல். பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் தகட்டில் ஏதோ மங்கல் என்றார்கள். பரவாயில்லை, யாராவது இன்னும் நல்ல பிளவு செய்து பார்ப்பார்கள். கடைசியில் இளைஞர் ஒருவர் எழுந்து, "இருநூறு மணி நேரம் குழாயை எப்படி ஒரே சீரா வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். "கையை வச்சுத்தான்" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்படித் தலையாட்டியவர்களில் நாலைந்து பேர் கையைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை என்பதைக் கவனித்தேன்.

வெளியே வரும்போது வியன்னாவிலிருந்து வந்த ஒரு கிழவர் குனிந்து என் கைக்கு முத்தம் கொடுக்க வந்தார். வலதில் காகிதக் கட்டு. இடதை நீட்டிவிட்டேன். முத்தமிட்டு நிமிர்ந்து, "குளிர்ந்து போயிருக்கே கை. மேடை பயமா?" என்றார். "ஆமாங்க" என்றேன். அப்பா, உங்கள் மரவேலையை இனி நீங்களே கேலி செய்யக்கூடாது. வியன்னாவே ஏமாந்துவிட்டது.

கதவு சாத்தியது எனக்கு நினைவே இல்லை. நீங்கள் அன்றைக்கு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வைத்தியர் வீடுவரை ஓடினது மட்டும்தான் நினைவிருக்கிறது. இடதை நீட்டு என்றீர்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத ஒரு கை இருக்கிறது.

அக்டோபர் வந்துவிட்டது. இந்த வருடம் என்னால் கைப்படம் அனுப்ப முடியாது. வலதை வரைய இடது இல்லை. லெம்கே அம்மா இனி என் பொய்களுக்கு வரைய மாட்டாராம்.

பென்சிலை எடுத்துக்கொண்டு நீங்கள் வர முடியுமா அப்பா?

ஹெட்விக்


பெர்லின்,
11 அக்டோபர் 1903

அன்பு மனைவி பாபெட்டுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ ரயிலுக்குக் கட்டிக் கொடுத்த இஞ்சி ரொட்டியைப் பக்கத்தில் இருந்த கன்னியாஸ்திரிகள் பாதி சாப்பிட்டார்கள். நான் அழுதுகொண்டிருந்ததால் தடுக்க முடியவில்லை.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். "வாங்கப்பா, வரைய வந்தவர் வரையாம நிக்கிறீங்க" என்றாள். மேசையில் காகிதம் போட்டு வைத்திருந்தாள். வலது கையை வைத்தாள். சுற்றி வரைந்தேன். முடித்ததும் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதென்னப்பா, கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் இன்னொரு காகிதம் போட்டு, இடது கையின் கட்டை அவிழ்த்து அதையும் வைத்தாள். "இதையும் வரைங்க. இனிமே உள்ளது உள்ளபடி." வரைந்தேன் பாபெட். சின்னப் படம். சீக்கிரம் முடிந்துவிட்டது.

டாக்டரைப் பார்த்தேன். நல்ல மனிதர். கட்டி மார்புப் பக்கம் இறங்கிவிட்டதாம். கிறிஸ்துமஸுக்கு மீன் சொல்லலாமா என்று கேட்டேன். என் முட்டி வலியைப் பற்றி விசாரித்தார்.

செவ்வாய்க்கிழமை ரயிலில் அவளை அழைத்து வருகிறேன். கீழறையில் அடுப்பு மூட்டி வை. சுவரில் இருக்கும் எலும்புப் படத்தை இறக்கிவிடலாம் என்றேன். வேண்டாம் என்கிறாள், அது அவள் எடுத்ததிலேயே நல்ல படமாம்.

பரணில் சுற்றி வைத்திருக்கும் மான்தோலை எடுத்து இன்றைக்கே நனைத்து வை. போன வருடம் ஆறரை அளவு. இப்போது மெலிந்துவிட்டாள், ஐந்தேமுக்கால். குளிர்காலக் கையுறை வேண்டுமா என்று நான் கேட்கவில்லை, வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை டிசம்பர்வரை போகக்கூடாது. நவம்பர் முதல் வாரத்துக்குள் தைத்து முடித்துவிட வேண்டும்.

கொன்ராட்